செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஸ்காட்லாந்து பயணக் கட்டுரையை நானும் என் கணவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். எடின்பரோ பகுதி அருமை. பழைய நகரத்தின் சந்துகளை எழுதியிருந்த விதத்தில் நாங்கள் நடந்த இடமெல்லாம் கண்முன் வந்தது. ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பற்றி இரண்டே வரி. அது கோல்ஃப் ஆடுபவர்களின் ஊர், மற்றவர்கள் தவிர்த்துவிடலாம் என்று இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் பயண ஏற்பாட்டாளரும் அதையேதான் சொன்னார். அரை மணி நேரம் பஸ்ஸை நிறுத்துவார்களாம், கோல்ஃப் மைதானத்தில் உள்ள ஸ்வில்கன் பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமாம். என் கணவர் இருபது வருடமாகத் தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்ப்பவர்; மட்டையைத் தொட்டதில்லை. "அரை மணி நேரத்துக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். சரி என்று குழுவிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை எடின்பரோவில் இருவரும் ரயில் ஏறினோம். 1890ல் கட்டி முடித்த ஃபோர்த் ரயில் பாலத்தின் சிவப்பு எஃகுச் சட்டங்கள் ஜன்னலை ஒட்டி ஓட, ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸ் நிலையம் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு இப்போது ரயில் கிடையாது. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான்.

சனிக்கிழமை தங்கி ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்த்ததுதான் நாங்கள் செய்த நல்ல காரியம். உலகத்தின் மிகப் பழைய கோல்ஃப் மைதானமாகச் சொல்லப்படும் ஓல்ட் கோர்ஸில் பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் ஆட்டம் கிடையாது. அன்று அது ஊர்க்காரர்களின் பூங்கா. டிக்கெட் இல்லை, வாயில் காவலர் இல்லை. புல்வெளியின் நடுவே ஒரு பாட்டி பேரனைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார். நாய்கள் ஓடின. குழியைச் சுற்றிப் பந்து உருளும் புல்திடல்களான கிரீன்களை மிதிக்காமல், மணல் குழிகளில் இறங்காமல் நடந்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் உள்ள ஆடுகளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுச் சாலையே போகிறது. எல்லா நாளும் மக்கள் அதில் நடக்கிறார்கள்.

கோல்ஃப் மைதானம் என்றாலே வேலியும் உறுப்பினர் அட்டையும்தான் நம் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. ஊர்ப் பொதுநிலம். 1552லேயே பேராயர் ஜான் ஹாமில்டன் அந்தக் கடற்கரைப் புல்வெளியில் ஊர்மக்கள் விளையாடும் உரிமையைச் சாசனத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமை அவருக்கு! அந்த முயல் விவகாரம் பின்னால் பெரிதாக வெடித்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடனில் மூழ்கிய நகராட்சி நிலத்தை விற்றுவிட, அது முயல்காரர்கள் கைக்குப் போனது. ஆடுபவர்களுக்கும் அவர்களுக்கும் வருடக்கணக்காகச் சண்டை. 1821ல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலக்கிழார் வாங்கியதால் மைதானம் தப்பியது. இன்று அது உள்ளாட்சிக்குச் சொந்தம். 1974ல் அமைத்த அறக்கட்டளை பராமரிக்கிறது.

ஸ்வில்கன் பாலம் படத்தில் பார்ப்பதைவிடச் சின்னது. முப்பதடி நீளம் இருக்கும், எட்டடி அகலம். ஓடையைத் தாண்டி ஆடுகளை ஓட்டிப்போக மேய்ப்பர்கள் கட்டியது, 700 வயது என்கிறார்கள். நடுவில் கல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. 2023ல் இந்தப் பாலத்தடியில் புதிதாகத் தளக்கல் பதித்தார்களாம். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்ப, சில நாளில் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

நான் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஏழு கிரீன்களில் இரண்டிரண்டு குழிகள் இருக்கின்றன. 2ம் 16ம் ஒரே கிரீனில், 3ம் 15ம் ஒரே கிரீனில், இப்படியே 8ம் 10ம் வரை. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18! கடற்காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன்.

அப்புறம், ஆடத் தெரியாதவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமான சின்னத் திடல் இருக்கிறது. சில பவுண்டு கொடுத்தால் யாரும் பந்தை உருட்டி ஆடலாம். தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது பெண்களுக்கு அழகல்ல என்று நினைத்த காலத்தில், 1867ல் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி ஆடிய இடம் அது. எதிரே கம்பீரமாக நிற்கும் ஆர் அண்ட் ஏ கோல்ஃப் சங்கம் 1754ல் தொடங்கியது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அவர்கள் வாக்களித்தது 2014ல். 260 வருடம்! சனிக்கிழமை மாலை ஹிமாலயாஸில் நான் என் கணவரை ஜெயித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கோட்டை இடிபாடு, பல்கலைக்கழகம் (1413ல் நிறுவியது) எல்லாம் பார்த்தோம். மனதில் நிற்பது பேராலயம்தான். 1318ல் ராபர்ட் புரூஸ் மன்னர் முன்னிலையில் அர்ப்பணித்த, ஸ்காட்லாந்திலேயே பெரிய ஆலயம். சமயச் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு இடிந்து, இன்று வானம்தான் கூரை. அதன் கல்லறைத் தோட்டத்தில் டாம் மாரிஸ் இருக்கிறார், இளையவர். ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியின் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றவர். 1875 செப்டம்பரில் கடலுக்கு அக்கரையில் ஒரு போட்டியில் இருந்தபோது, பிரசவத்தில் மனைவிக்கு ஆபத்து என்று தந்தி வந்தது. படகில் திரும்புவதற்குள் மனைவியும் குழந்தையும் இல்லை. அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று அவரும் போய்விட்டார். வயது 24. பந்தை அடிக்கக் குனிந்த கோலத்தில் அவரைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காலடியில் யாரோ ஒரு பந்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் இருவரும் அங்கே வெகுநேரம் பேசவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சவுத் ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டிருந்தபோது, "ஏம்மா, இங்க வந்து பாரு, மெட்ராஸ்னு போட்டிருக்கு" என்று என் கணவர் கூப்பிட்டார். மெட்ராஸ் காலேஜ்! அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயர் அதுதான். அந்த ஊரில் 1753ல் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ பெல், 1789ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்து பழகுவதைப் பார்த்தார். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் காப்பகத்தில் கொண்டுவந்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1797ல் அதைப் புத்தகமாக்கினார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதைப் பின்பற்றின. 1832ல் இறந்த பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த அந்தப் பள்ளி அடுத்த ஆண்டு திறந்தது. 2021ல் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

முப்பத்தொரு வருடம் வகுப்பில் நின்ற எனக்கு அந்தப் பெயர்ப் பலகையின் முன்னால் கண் கலங்கியது. பெல்லின் பெயர் நிலைத்தது. மணலில் எழுதிய அந்தப் பிள்ளைகள் யார், அவர்களுடைய வாத்தியார் யார்?

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு வரியைத் திருத்தி, செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு நாள் தங்கலாம், அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது என்று அடுத்த இதழில் ஒரு குறிப்புப் போடுங்கள். ஆண்ட்ரூ பெல்லையும் அன்றைய திண்ணைப் பள்ளிகளையும் பற்றி விவரம் தெரிந்த யாரிடமாவது ஒரு கட்டுரையும் கேட்டு வாங்குங்கள். என் கணவர் எடுத்த பெயர்ப் பலகைப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, மதுரை