மார்செல்லா யார் பெயரில் போதித்தாள்?

கர்த்தருக்குள் அன்பான தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து நாளாகிறது. கண்புரை எடுத்த பிறகு கொஞ்ச நாள் படிக்கவோ எழுதவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால்தான் தாமதம். இப்போது வேதாகமத்தின் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். வீட்டில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. மற்றபடி எல்லாரும் சுகம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மகள் இறையியல் படிப்பை முடித்துக் குருத்துவ அபிஷேகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். உன் வீட்டுக்காரர் 1 தீமோத்தேயு 2:12-ஐக் காட்டிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நீ. "பவுலே சொல்லிவிட்டாரே, அதற்கு என்ன பதில்?" என்று கேட்டிருக்கிறாய்.

வசனத்தை மழுப்பாதே. "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் மூன்று வசனம் முன்னால் பார். பின்னலும் வேண்டாம், பொன்னும் முத்தும் வேண்டாம் என்கிறது. நகையைக் கழற்றச் சொல்லும் சபைகள் உண்டு. பின்னலை அவிழ்க்கச் சொன்ன சபையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒன்று அந்தக் காலத்துக்கு, மற்றொன்று எந்தக் காலத்துக்கும் என்று பிரித்தது யார், எந்த அளவுகோலை வைத்து? இதை உன் வீட்டுக்காரரிடம் கோபமில்லாமல் கேள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலும் இதே சிக்கல்தான். 14-ஆம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று வருகிறது. 11-ஆம் அதிகாரத்திலோ பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். வாயே திறக்காதவர்களுக்கு இந்த விதி எதற்கு?

ரோமர் 16-ஐயும் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள், பவுலின் உடன்வேலையாள் பிரிஸ்கில்லாள், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற யூனியா என்று வரிசையாக வருகிறார்கள். யூனியா ஒரு பெண் என்பதில் நான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கி கிறிசோஸ்தோமுக்குச் சந்தேகமே இல்லை. அப்போஸ்தலர் என்று அழைக்கத் தகுந்தவள் என்று அவளை வியந்து பாராட்டினார். வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவுக்கே மார்க்கத்தைத் திட்டமாய் விளக்கிக் காட்டியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. தீமோத்தேயு மட்டும் என்ன? அவனுடைய விசுவாசத்துக்கு வேர் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் என்று அவனுக்கு எழுதிய அடுத்த நிருபத்திலேயே இருக்கிறது.

கண் சரியானதும் நான் முதலில் எடுத்தது, வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமின் கடிதங்களை. அதில் ரோமாபுரியில் அவரிடம் வேதம் கற்ற மார்செல்லா என்ற பெண்ணைப் பற்றி ஒரு இடம் வருகிறது, அதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஜெரோம் ஊரைவிட்டுப் போன பிறகு வேதத்தில் எந்த வாக்குவாதம் வந்தாலும் ஆட்கள் அவளிடம்தான் போனார்களாம், குருமார்கள் உட்பட. அவளும் பதில் சொன்னாள். ஆனால் தன் சொந்தக் கருத்தைக்கூட ஜெரோம் சொன்னது, வேறொருவர் சொன்னது என்றே சொன்னாளாம். பெண் உபதேசிக்கக் கூடாது என்ற வசனம் அவளுக்குத் தெரியும். கேட்க வந்த ஆண்களுக்கு இழுக்கு வரக்கூடாது என்று நினைத்தாள். ஜெரோம் இதை அவளுடைய பணிவுக்கு அடையாளமாகப் புகழ்ந்து எழுதுகிறார். எனக்கோ வயிற்றெரிச்சல். அவள் எத்தனை நுணுக்கமான விளக்கங்களைச் சொன்னாளோ, அவற்றில் எவை இன்று யார் யார் பெயரில் நிற்கின்றனவோ!

சபை வரலாறு முழுக்க எனக்கு இதுதான் தெரிகிறது. பெண் போதிப்பதை யாரும் உண்மையில் நிறுத்தவில்லை. போதித்தவள் அவள் என்று சொல்வதைத்தான் நிறுத்தினார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றிய உண்மையை வரவழைக்கச் சித்திரவதை செய்தது சபையில் ஊழியப் பட்டம் பெற்றிருந்த இரண்டு அடிமைப் பெண்களை. 535-இல் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டம் கான்ஸ்டான்டிநோபிளின் பெரிய தேவாலயத்துக்கு நாற்பது பெண் டீக்கன்மாரை, அதாவது குருவுக்கு அடுத்த நிலை ஊழியர்களை, அனுமதித்தது. குழந்தை ஞானஸ்நானம் பரவி, வளர்ந்த பெண்களைத் தண்ணீரில் இறக்கித் துணைநிற்கும் வேலை குறைந்ததும் அந்தப் பதவியும் தேய்ந்துபோனது.

பிறகு தேவை வந்தபோது சபை என்ன செய்தது? 1944-இல், போர்க்காலத்தில், போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவ் நகருக்கு எந்தக் குருவானவரும் போக முடியாத நிலையில் ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால், ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற பெண்ணுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுத்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் குருவான முதல் பெண் அவர்தான். போர் முடிந்ததும் மேலிடத்தில் எதிர்ப்புக் கிளம்ப, 1946-இல் ஊழியம் செய்யும் உரிமத்தை ஒப்படைத்தார். அபிஷேகத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆபத்து நேரத்தில் செல்லுபடியான கைவைத்தல் அமைதி வந்ததும் செல்லாமல் போவது என்ன இறையியலோ!

இன்றைய நிலை உனக்குத் தெரிந்ததுதான். நம் சி.எஸ்.ஐ.யிலேயே 2013-இல் புஷ்பா லலிதா பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபைக்கு 2015-இல்தான் முதல் பெண் பேராயர். பத்தே ஆண்டில், 2025-இல், அந்தத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயராகவே சாரா முல்லலியின் பெயர் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பக்கத்தில், பெண்களைக் குருக்களாக்கச் சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதியது கத்தோலிக்கரிடம் இன்றும் நிற்கிறது. அதே கத்தோலிக்கச் சபைதான் 1970-இல் அவிலா தெரேசாவையும் சியன்னா கேத்தரினையும் மறைவல்லுநர்களாக, அதாவது முழுச் சபைக்கும் போதகர்களாக, அறிவித்தது. அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் பெண் போதகர்களை வைத்திருந்ததற்காக 2023-இல் தங்கள் மிகப் பெரிய சபைகளில் ஒன்றையே வெளியேற்றினார்கள்.

உன் வீட்டுக்காரரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடாதே. மதிப்பில் இருவரும் சமம், பொறுப்பில்தான் வேறு என்று அவர் நம்புகிறார். நேர்மையானவர்கள் பலர் அப்படி நம்புகிறார்கள். இயேசு பன்னிரண்டு ஆண்களைத்தானே தெரிந்தெடுத்தார் என்பார். உண்மைதான். ஆனால் உயிர்த்தெழுந்த செய்தியை அந்தச் சீஷர்களுக்கே கொண்டுபோகச் சொல்லி அவர் அனுப்பியது மகதலேனா மரியாளை. எனக்கு அது போதும். அவருக்குப் போதாமல் இருக்கலாம்.

மகளிடம் சொல்ல வேண்டியது வேறு. அபிஷேகம் கிடைத்ததும் வழி திறந்துவிடும் என்று அவள் எண்ணிவிடக் கூடாது. ஞாயிறு பள்ளியையும் பெண்கள் ஐக்கியத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டு, பண்டிகைப் பிரசங்கத்தை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். அவள் தயாரித்த குறிப்பை வாங்கிக்கொண்டுபோய் வேறொருவர் பிரசங்க பீடத்தில் வாசித்தாலும் ஆச்சரியமில்லை. அன்றைக்கு, "அது நான் எழுதியது" என்று எல்லார் முன்னாலும் அவள் சொல்லட்டும். பணிவு குறைந்துவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நேர்காணல் தேதி தெரிந்ததும் எழுது. ரோமர் 16-இல் அவள் ஒரு பிரசங்கம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதன் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பு. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய தோழி