மே மாதத்து மூன்றாம் செவ்வாய்

இத்தாக்கா, நியூயார்க் மாநிலம்
23 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்த செய்தி கிடைத்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்லுங்கள். அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். இங்கே நாங்கள் நால்வரும் நலம். ஜூன் பிறந்தும் இரவில் போர்வை தேவைப்படுகிறது.

"பள்ளிக்கூடத்துக்குத் தேர்தலா? யார் நிற்கிறார்கள், என்ன சின்னம்?" என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஊர்ப் பள்ளிகளை நடத்தும் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. போனில் சொல்லி மாளாது. பணிக்காலம் முழுவதும் வாக்குச்சாவடி வேலைக்குப் போய், அரக்கு முத்திரையும் படிவங்களுமாக விடிய விடிய விழித்தவர் நீங்கள். உங்களுக்கு இதைச் சாவகாசமாக எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

சின்னமே கிடையாது அத்தை. கட்சியும் கிடையாது. சீட்டில் பெயர் மட்டும்தான். இங்கே பள்ளி மாவட்டம் என்றால் நம் ஊர் மாவட்டம் போல இல்லை, ஒரு பகுதியின் பள்ளிகளை மட்டும் நடத்தும் தனி அமைப்பு. 1,25,000 பேருக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களின் பள்ளி மாவட்டங்களுக்கு இந்த மாநிலத்தில் தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது. அதன்படி, நிற்க விரும்புகிறவர் 100 வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். டெபாசிட் இல்லை, ஆகவே டெபாசிட் பறிபோனது என்று மறுநாள் சிரிக்கவும் வழியில்லை. எங்கள் வாரியத்தில் ஒன்பது பேர், மூன்று வருடப் பதவி. சம்பளம் கிடையாது. ஆனால் அதிகாரம் உண்டு. மாவட்டத்தின் பள்ளிகளை எல்லாம் நடத்தும் கண்காணிப்பாளரை நியமிப்பது இவர்கள்தான். நம் ஊர் முதன்மைக் கல்வி அலுவலருக்குச் சென்னையிலிருந்து உத்தரவு வரும்; இங்கே அந்த நாற்காலியில் இருப்பவர் ஊர்க்காரர்கள் ஒன்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர்களும் இந்த மாவட்டத்தின் ஊழியர்கள்தான். மாறுதல் கலந்தாய்வு என்ற பேச்சே இல்லை. பலர் ஒரே பள்ளியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுகிறார்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கோட்டூர் என்று பெட்டி தூக்கி அலைந்த உங்களுக்கு இதைக் கேட்டால் பெருமூச்சு வரும்.

ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது இதில் பாதிதான். அதே சீட்டில் இன்னொரு கேள்வியும் இருக்கும்: அடுத்த ஆண்டுக்கான பள்ளிச் செலவுத் திட்டத்துக்கு உங்கள் சம்மதம் உண்டா, இல்லையா? நியூயார்க் நகரம், பஃபலோ போன்ற ஐந்து பெரிய நகரங்கள் தவிர, அநேகமாக மாநிலம் முழுவதும் மே மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை இதைக் கேட்கிறார்கள். சிறு நகரங்களுக்கு இந்த உரிமை வந்ததே 1997இல்தான். அதுவரை வாரியமே பட்ஜெட்டை முடிவு செய்துவிடும்.

ராணுவத்துக்கு எவ்வளவு, நெடுஞ்சாலைக்கு எவ்வளவு என்று இங்கே யாரும் வீடு வீடாகக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கேட்கிறார்கள். அதனால், விலைவாசி மேல் உள்ள கோபம், வாஷிங்டன் மேல் உள்ள கோபம், முட்டை விலை மேல் உள்ள கோபம் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை இந்த ஒற்றைச் சீட்டில்தான் வந்து இறங்குகின்றன என்பது என் எண்ணம். பாவம், பள்ளிக்கூடம்.

இந்த வருடம் எங்கள் ஊரில் அப்படித்தான் இறங்கியது. கேட்கப்பட்ட தொகை சுமார் 16.9 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேல் வீட்டு வரியிலிருந்து வர வேண்டும். மாவட்டம் திரட்டும் அந்த வரித்தொகை 8.4 சதவீதம் உயரும் என்றார்கள். 2011இல் மாநிலம் வரி உச்சவரம்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. பேருக்கு 2 சதவீதம்; ஆனால் கட்டடக் கடன் போன்றவற்றுக்கு விலக்கு இருப்பதால் உண்மையான வரம்பு ஊருக்கு ஊர் வேறுபடும். அதைத் தாண்டிக் கேட்டால் 60 சதவீத வாக்கு வேண்டும். போதாக்குறைக்கு, இந்த வருடம் கவுன்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) அநேகமாக எல்லோருடைய வீட்டு மதிப்பீட்டையும் ஏற்றிவிட்டது. விற்கப் போவதில்லை, ஆனால் விலை மட்டும் ஏறிவிட்டது என்று ஒரு கடிதம் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? இன்னொன்றும் உண்டு. மலையின் மேல் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரின் விலை உயர்ந்த நிலத்தில் பெரும்பகுதி அதனுடையது. கல்வி நிறுவனம் என்பதால் அதில் அநேகமாக எதற்கும் சொத்து வரி இல்லை. போன வருடம் நகராட்சிக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் தருவதாக 15 வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அது போதுமா, பள்ளிக்கு என்ன என்பது கடை கண்ணியில் எல்லாம் பேச்சு. என் கணவர் சம்பளம் வாங்குவது அங்கேதான் என்பதால் அந்தப் பேச்சில் நான் வாய் திறப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். மனைவி போய்விட்டார், மகன் மேற்குக் கடற்கரையில். பனி விழுந்தால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர். அவர் ஏப்ரல் கடைசியில் வேலி ஓரமாக நின்று என்னிடம் நேராகவே சொன்னார்: "உன் பிள்ளைகள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நான் 'இல்லை' என்றுதான் போடப் போகிறேன். இந்த வீட்டில் இருந்தே சாக வேண்டும் என்று ஆசை." அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு வியப்பு. வாரியத்துக்கு நிற்பவர்களில் யார் தேவலை, கூட்டங்களுக்கெல்லாம் போகிறாயே, நீ சொல் என்றார். யாருக்கு வாக்களிப்போம் என்று நம் ஊரில் கணவனும் மனைவியும்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். இவர் பென்சிலும் காகிதமுமாக வந்து நிற்கிறார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம், எனக்கு வாக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். குடியுரிமை வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். விசாவில் இருக்கிற எங்களுக்கு முதல் நிபந்தனையிலேயே கதவு மூடிவிடுகிறது. பிள்ளைகள் இருவரும் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். செப்டம்பரில் வரி ரசீது எங்கள் பெயருக்கு வருகிறது. ஆனாலும் வாக்கு இல்லை. இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. முன்பு இந்த மாநிலத்தில் பல பள்ளி மாவட்டங்களில், சொத்து வைத்திருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோருக்கு மட்டுமே வாக்கு. லாங் ஐலண்டில் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்த ஒரு பிரம்மச்சாரி, எனக்கும் வேண்டும் என்று வழக்குப் போட்டார். 1969இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்புதான். அதே 1969 முதல் 2002 வரை, நியூயார்க் நகரத்தின் வட்டாரப் பள்ளி வாரியத் தேர்தல்களில் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் வாக்கு இருந்தது. அந்த வாரியங்களைக் கலைத்தபோது அதுவும் போயிற்று. 2002இல் நான் உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு.

வாக்குதான் இல்லையே தவிர, பேச்சு உண்டு. வாரியக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மைக் முன்னால் நிற்கலாம். நேரம் மட்டும் கறார். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டும். நம் ஊர்ப் பேச்சாளர்கள் இங்கே வந்தால் "அவையோர்க்கு வணக்கம்" முடிவதற்குள் இறக்கிவிட்டு விடுவார்கள். ஒருவர் மின்சாரப் பேருந்து பற்றிப் பேசினார். 2027 முதல் புதிதாக வாங்கும் பள்ளிப் பேருந்துகள் புகை விடாதவையாக இருக்க வேண்டும், 2035க்குள் எல்லாமே மாற வேண்டும் என்று 2022இல் மாநிலம் சட்டம் போட்டது. சட்டம் போட்டவர்கள் பணம் தருவார்களா என்று கேட்டார், கைத்தட்டல். அடுத்து வந்த பாட்டி ஒருவர், அதே புகையில் தன் பேரனுக்கு மூச்சுத் திணறல் என்றார். அதற்கும் கைத்தட்டல், அதே ஆட்களிடமிருந்து.

நானும் பேசினேன் அத்தை. சின்னவன் இங்கே வந்தபோது ஒரு வார்த்தை ஆங்கிலம் வராமல் நின்றானே, அப்போது அவனைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை போன்றவர்களை வெட்டிவிடாதீர்கள் என்று சொன்னேன். கைகள் நடுங்கின. ஒன்பது பேரும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். குறிப்பு எடுப்பது அவர்களுக்குப் பழக்கமாகவும் இருக்கலாம்.

மே 21, தேர்தல் நாள். உங்களுக்காகவே போய்ப் பார்த்தேன். சாவடி எங்கள் தொடக்கப் பள்ளி. பிள்ளைகளுக்கு விடுமுறைகூட இல்லை. வாசலில் துப்பாக்கிக் காவலர் கிடையாது, முகவர்கள் கிடையாது. மேசைக்குப் பின்னால் உங்கள் வயதுப் பெண்மணிகள் மூவர், ஒருவர் கையில் பின்னல் ஊசி. பெயரைச் சொல்ல வேண்டியது, பட்டியலில் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டியது, சீட்டைக் கொடுக்க வேண்டியது. விரலில் மை இல்லை. அதுதான் எனக்குக் குறையாகப் பட்டது. சீட்டில் வட்டத்தை நிரப்பி, எண்ணும் இயந்திரத்தில் நுழைத்துவிட்டு வெளியே வந்தால், நடைவழியில் பெற்றோர் சங்கத்தார் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு துண்டு வாங்கி ஒன்றை என் பெரியவளிடம் கொடுத்தார். சொன்னபடியே பட்ஜெட்டுக்கு "இல்லை" போட்டாராம். நான் சொன்ன இருவருக்கும் வாக்களித்தாராம்.

அன்றிரவே முடிவு வந்தது. பட்ஜெட் தோற்றது, அதுவும் மிகப் பெரிய வித்தியாசத்தில். இந்த மாநிலத்தில் இது அபூர்வம். பெரும்பாலான ஊர்களில் சத்தமில்லாமல் நிறைவேறிவிடும். வாரியத்துக்கும் புதிய முகங்கள் வந்தார்கள். தோற்றால் ஜூன் மாதம் இன்னொரு முறை கேட்கலாம். அதிலும் தோற்றால், போன வருடம் திரட்டிய வரிக்கு மேல் ஒரு டாலர்கூட ஏற்ற முடியாது என்பது சட்டம். ஆகவே மூன்று வாரம் வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தார்கள். எந்தப் பதவி போகும், எது நிற்கும் என்று ஆசிரியர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே உன் வேலை இருக்குமா என்று ஊர் கூடி வாக்குப் போடுவதை, நல்ல ஜனநாயகம் என்று என்னால் முழு மனதாகச் சொல்ல முடியவில்லை. அதே சமயம், கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தால் பெரியவருடைய கோபம் எங்கே போயிருக்கும் என்பதும் தெரியவில்லை.

சுமார் 16.3 கோடிக்குக் குறைத்துக் கொண்டுவந்த பட்ஜெட் போன செவ்வாய், ஜூன் 18, நிறைவேறியது. பெரியவர் இந்த முறை "ஆம்". "நான் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது, அது போதும்" என்றார். குறைத்த தொகையில் அவருக்கு வருடத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டேன். கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றவர் இன்னும் சொல்லவில்லை.

புதிய வாரியம் ஜூலையில் கூடுகிறது. சின்னவன் பேருந்து ஏறுகிற முனையில் நடைபாதை இல்லை, பனிக்காலத்தில் பிள்ளைகள் சாலையிலேயே நிற்கிறார்கள். அதைக் கேட்கப் பெயர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் தலைமையாசிரியராக இருந்தபோது சுற்றுச்சுவருக்காக எழுதிய மனுக்களின் நகல் அந்த நீலக் கோப்பில் இருக்குமே, ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுருக்கமாகவும் கோபமாகவும் எழுத உங்களிடம்தான் கற்க வேண்டும். அடுத்த முறை யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்புங்கள், பெரியவருக்கும் சேர்த்து. போன முறை பாதிப் புட்டியை அவரே காலி செய்துவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்