முதலில் தண்ணியைப் பார், மச்சான்

அன்புள்ள மச்சான்,

சுகம்தானே? அக்காவின் முழங்கால் இப்ப எப்படி? இங்கே வன்கூவரில் எல்லாரும் நலம். பதில் எழுதச் சுணங்கிவிட்டேன், கோவிக்காதே. ரொறன்ரோ டொன் பள்ளத்தாக்கில் இருக்கிற குறொதர்ஸ் வூட்ஸ் காட்டில் சைக்கிள் தடம் திருத்துகிற தொண்டர்களோடு நீயும் சேர்ந்திட்டாய் என்று வாசித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். ஒரு வாளி தூக்கவே பெரியவரைக் கூப்பிடுகிற ஆள் நீ! அந்தப் பள்ளத்தாக்குக்கு நல்ல காலம்தான்.

ஆனால் நீ கேட்டிருப்பதெல்லாம் பாய்ச்சல் மேடு கட்டுவதையும் வளைவில் மண் அணைப்பதையும் பற்றி. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் தண்ணியைப் படி.

தடத்தை வெட்டும்போது வெளிப்பக்கம், அதாவது பள்ளப் பக்கம், 5 வீதம் சரித்துத்தான் வெட்டுவார்கள். அதாவது ஒரு மீற்றர் அகலத்துக்கு வெளி விளிம்பு 5 சென்ரிமீற்றர் தாழ்வு. நாளடைவில் சில்லுகள் நடுவை அமுக்க, மண் ஒதுங்கி வெளி விளிம்பில் வயல் வரம்பு மாதிரி எழும்பிவிடும். பிறகு மழைத்தண்ணி வெளியே போக வழியில்லாமல் தடத்தோடேயே ஓடும். சரிவில் வேகம் பிடித்தால் பொடி மண்ணை அள்ளிக்கொண்டு போய், கல்லையும் வேரையும் மட்டும் மிச்சம் வைக்கும். சமதரையில் தேங்கும். தேங்கின இடத்தில் நடுவாலே போகாமல் ஆட்கள் சுற்றிப் போவார்கள். ஒற்றைத் தடம் மூன்றாகி, கரையில் நிற்கிற செடியெல்லாம் மிதிபட்டுச் சாகும்.

இதற்கு வைத்தியம்: அந்த வரம்பை 3 மீற்றர் நீளத்துக்கு மக்லவுட்டால் (ஒரு பக்கம் வாரி, மறுபக்கம் மண்வெட்டி அலகு உள்ள ஆயுதம்) அரை வட்டமாகச் சீவி எடு. நடுப்பகுதி வெளியே 15 வீதம் சரியவேணும், இரண்டு பக்கமும் மெதுவாகத் தடத்தோடு சேரவேணும். ஒடுக்கமான கான் வெட்டிவிடாதே, முதல் இலையுதிர்விலேயே அடைத்துப்போகும். வாய் அகலமாக இருந்தால் தண்ணியே குப்பையைத் தள்ளிக்கொண்டு போகும். வெட்டின மண்ணைத் தண்ணி வெளியேறுகிற அந்த வாசலில் குவிக்காமல் கீழ்ச்சரிவில் தூர வீசு. கடைசியில் ஒரு வாளி தண்ணி ஊற்றிப் பார். நேரே வெளியே போகாமல் தடத்தோடு திரும்பினால் இன்னும் சீவவேணும். நீளமான இறக்கத்தில் இந்த வாசல் செங்குத்து தொடங்க முன்னமே இருக்கவேணும், அடியில் வெட்டினால் அரிப்பு முடிந்த பிறகுதான் தண்ணி வெளியேறும்.

மண் விசயத்தில் உன் இடமும் என் இடமும் வேறு. இங்கே ஃப்ரோம் மலையில் மேலே கறுத்த இலைமக்கு. அது தண்ணியை உறிஞ்சிக் கூழாகிவிடும், அதில் தடம் நிற்காது. அதைத் தள்ளி, அடியில் கிடக்கிற பொன்னிற மண்ணை ஒதுக்குப்புறக் கிடங்கில் கிண்டி வாளி வாளியாகச் சுமப்பார்கள். உங்களுக்கோ களி. பக்கத்து டொன் வலி பிறிக் வேர்க்ஸில் 1889இல் தொடங்கிக் கிட்டத்தட்ட நூறு வருசம் செங்கல் அறுத்தது அந்தப் பள்ளத்தாக்கு மண்ணில்தானே! ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார். உருண்டையாக நின்று, விரலால் தட்ட உடைந்தால் வேலை செய்யலாம். ஆயுதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போ. பனி உருகுகிற காலத்தில் மேல் மண் இளகி, அடி மண் உறைந்தே கிடக்கும். தண்ணி கீழே இறங்காது. அந்த நேரம் ஒரு சில்லு போனாலும் விழுகிற பள்ளம் அப்படியே காய்ந்து இறுகும்.

எப்போதும் ஊறுகிற இடத்துக்குக் கல் பதிக்கலாம். அடிவாரத்திலிருந்து தொடங்கு, மிகப் பெரிய கல் முதலில். ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். ஏறி நின்று ஆட்டிப் பார், அசைந்தால் அலவாங்கால் கிளப்பித் திரும்ப வை. சின்னக் கல் சொருகி ஒப்பேற்றாதே.

புலாஸ்கியை (ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண்வெட்டி மாதிரி அலகு உள்ள ஆயுதம்) சரிவில் கொண்டு போகும்போது எப்போதும் பள்ளப் பக்கக் கையில் பிடி. சறுக்கினால் அதைக் கீழே எறியலாம். வீசி வெட்டுகிற ஆட்களுக்கிடையில் 3 மீற்றர் இடைவெளி வேணும். இதில் விளையாட்டில்லை.

எனக்கு ஒரு கவலை இருக்கு, மச்சான். மேடு கட்டுகிற நாளுக்கு ஆட்கள் குவிவார்கள், நொவெம்பரில் இலை வார ஒருவரும் வரமாட்டார்கள். இந்த மலைச்சரிவுகளில் வருசத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 1997இல் தொடங்கின நோர்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கம் இல்லாவிட்டால் இங்கே பாதித் தடம் ஓடைகளாகத்தான் கிடக்கும். வருசம் முழுக்க ஓடிவிட்டு ஒரு வாளியும் தூக்காதவர்களை நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வருது. நீ அந்த ரகமாகிவிடாதே. அனுமதியில்லாமல் ஒரு வேரைக்கூட வெட்டாதே. குறொதர்ஸ் வூட்ஸ் நகரசபை சூழல் முக்கியத்துவம் உள்ளதென்று ஒதுக்கின காடு. யாரோ இரகசியமாக வெட்டுகிற ஒரு குறுக்குத் தடத்துக்காக எல்லாத் தடத்தையும் மூடினால், கேட்க நமக்கு வாயில்லை.

அடுத்த மழைக்குக் குடையோடு ஒருதரம் நடந்து பார். தண்ணி தேங்குகிற இடம், தடத்துக்குள் நுழைகிற இடம், வெளியேறுகிற இடம் மூன்றையும் படமெடு. உங்கள் குழுத் தலைவருக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. எங்கே வெட்டலாம் என்று அதைப் பார்த்துவிட்டுக் கதைப்போம்.

அன்புடன்,
உன் மச்சான்