டிசம்பர் 20: மொட்டை மாடியில் ராமானுஜன்

அனைவருக்கும் வணக்கம். கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாளான தேசியக் கணித தினம் (டிசம்பர் 22) வருகிறது. அதையொட்டி, டிசம்பர் 20 ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் ராயபுரம் குடியிருப்பு மொட்டை மாடியில் கூடுகிறோம்.

1912 மார்ச்சில் ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்தது நம் பக்கத்துத் துறைமுகத்தில்தான். 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் துறைமுகக் கிளார்க் என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவரது வறுமையையும் பக்தியையும் மட்டும் சொல்லி நிறுத்தாமல், இம்முறை கணக்கையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

1. வீட்டுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொண்டு வாருங்கள். 4 கொட்டையை எத்தனை விதமாகப் பிரித்துக் குவிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதம். 5 கொட்டைக்கு 7. 200 கொட்டைக்குக் கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி! இந்த எண்ணிக்கையைக் கணிக்கத்தான் ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் சூத்திரம் தந்தார்கள்.

2. விளக்கப்போவது 8ஆம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள். பெற்றோர் தயவுசெய்து நடுவில் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

3. துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் அவசியம் வர வேண்டும். அந்தக் காலத்துக் கணக்குப் பேரேடு பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்.

4. உட்காரப் பாய்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.