விற்ற விளையாட்டைப் பூட்டலாமா?

ஆசிரியருக்கு,

டிஜிட்டல் விளையாட்டுகளை நிறுவனங்கள் திடீரென மூடுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'தி க்ரூ' கார் பந்தய விளையாட்டு இயங்க இணையம் வழியே தேவைப்பட்ட சர்வர்களை (நிறுவனத்தின் கணினிகளை) அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியபோது, கடையில் வட்டாக (டிஸ்க்) வாங்கியவர்களால்கூட அதன்பின் ஆட முடியவில்லை. நட்டம் வந்தால் சேவையை நிறுத்தலாம். முழு விலைக்கு விற்ற பொருளை வாங்கியவர் கையிலிருந்து பறிப்பது அநீதி.

கோத்தகிரியில் ஐப்பசி மழைக்கு நெட்வொர்க் போனால் சில சமயம் இரண்டு நாள் வராது. என் மகன் சேமிப்பில் வாங்கிய விளையாட்டோ, தனியாக ஆடுவதற்கும் இணையம் கேட்டது. சென்ற ஆண்டு அதன் சர்வரும் நின்றது. ஒரு ரூபாய் திரும்பவில்லை. விற்பது பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றால் வாங்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் உள்ளது. அதோடு, மூடும் முன் இணையமின்றி ஆடும் வசதி தருவதையும் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் இங்கு கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு வாசகர், கோத்தகிரி