பம்ப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள பிசியாலஜி மேடம், மரபியல் எடுத்த சார், சீனியர் அக்கா, என் அறைத்தோழி, கூடிப் படித்த நண்பர்கள் எல்லாருக்கும்,

மருத்துவப் படிப்பில் முதலாண்டு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து நன்றி சொன்னேன், ஆனால் எதற்கு நன்றி என்று சொல்லவில்லை. நான் சிக்கிக்கொண்டு நின்ற இடங்கள் எவை, அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்து முதலாண்டுக்கு வருகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மேடம், முதலில் உங்களுக்கு. முதல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஓய்வுநிலை மின்னழுத்தம், அதாவது செல் தூண்டப்படாமல் இருக்கும்போது சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே இருக்கும் மின்னழுத்தம், எப்படி வருகிறது என்று கேட்டீர்கள். மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். சோடியம்-பொட்டாசியம் பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளுகிறது, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, அதனால் செல்லின் உள்பக்கம் நெகட்டிவ். நீங்கள் "தப்பு" என்று சொல்லவில்லை. "சரி, அந்தப் பம்ப்பை இந்த நொடியே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? -70 மில்லிவோல்ட் உடனே பூஜ்யம் ஆகிவிடுமா?" என்றீர்கள். ஆகிவிடும் என்றேன். உட்காரச் சொல்லி, ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டீர்கள்.

அந்தத் தாள் இன்னும் என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. பம்ப் நேரடியாகச் சேர்ப்பது சில மில்லிவோல்ட்தான். அதன் பெரிய வேலை அளவு வேறுபாட்டைக் காப்பது: பொட்டாசியம் உள்ளே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே 4. சவ்வில் பொட்டாசியத்துக்கு எப்போதும் திறந்திருக்கும் கசிவு வழிகள் உண்டு. நிறைய இருக்கும் இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு அது கசிகிறது. ஒவ்வொரு பாசிட்டிவ் அயனி வெளியேறும்போதும் உள்பக்கம் கொஞ்சம் நெகட்டிவ் ஆகிறது, அந்த நெகட்டிவ் பொட்டாசியத்தைத் திரும்ப இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் சமமாகும் இடம் -94 மில்லிவோல்ட் அளவில் வரும். நரம்பு செல்லில் சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவதால் -70 அளவில் நிற்கிறது. ஆக, பம்ப் நின்றாலும் மின்னழுத்தம் உடனே போய்விடாது. உள்ளே சேர்ந்திருக்கும் பொட்டாசியம் தீரத் தீர, மெல்லத்தான் சரியும்.

அப்புறம் இன்னொன்று கேட்டீர்கள்: "இத்தனைக்கும் எவ்வளவு பொட்டாசியம் வெளியேறியிருக்கும்?" பாதியாவது போயிருக்கும் என்று நினைத்தேன். உள்ளே இருக்கும் அளவில் மிக மிகச் சிறிய பங்குதான், அளந்தால் 140 என்ற எண் மாறியதே தெரியாது என்றீர்கள். நரம்பில் ஒரு தூண்டல் ஓடும்போதும் அப்படியே: சோடியம் கொட்டோ கொட்டென்று கொட்டி இரு பக்கமும் சமமாவதில்லை. பள்ளியிலிருந்து தலையில் இருந்த அந்தப் படம் அன்றைக்குத்தான் அழிந்தது. மின்னழுத்தம் மாற நிறைய அயனி தேவையில்லை என்பது புரிந்த பிறகு, நரம்பு, தசை, இதயம் என்று மூன்று பாடங்கள் ஒரே பாடமாகிவிட்டன.

போகும்போது ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தீர்கள். வெளியே பொட்டாசியம் 4இலிருந்து 8 ஆனால்? உள்ளே, வெளியே உள்ள அளவுகளிலிருந்து அந்தச் சமநிலை மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டேன்: -94 இருந்த இடத்தில் -76. தூண்டல் கிளம்பும் வாசலுக்கு அருகே வந்துவிட்டதே, அப்படியானால் இதயம் இன்னும் எளிதாகத் தூண்டப்படும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். "முதலில் அப்படித்தான். ஆனால் அந்த நிலையிலேயே நின்றுகொண்டிருந்தால் சோடியம் வாயில்கள் என்ன செய்யும்?" என்றீர்கள். அவற்றில் பல செயலிழந்த நிலைக்குப் போய்விடும், கடத்தல் மந்தமாகும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் மருத்துவர்கள் ஏன் இசிஜிக்கு ஓடுகிறார்கள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. அந்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை மேடம்.

அக்கா, உங்களுக்கு அன்று மறுநாள் தேர்வு. இருந்தும் சிறுநீரகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினீர்கள். சிறுநீரகக் குழாய் கீழே இறங்கி வளைந்து மேலே ஏறும் ஹென்லே வளைவின் ஆழத்தில் எப்படி 1200 மில்லியாஸ்மோல் (கரைந்திருப்பவற்றின் செறிவு) வருகிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. படத்தில் எல்லா அம்புக்குறியும் ஒரே நேரத்தில் இருக்கும், எது முதலில் நடக்கிறது என்று தெரியாது. நீங்கள் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி எல்லாவற்றிலும் 300 என்று எழுதி, மூன்று வரிசையாக அடுக்கினீர்கள்: இறங்கும் குழாய், நடுவில் திசு, ஏறும் குழாய். ஏறும் குழாய் உப்பை வெளியே தள்ளும், தண்ணீரை விடாது. அதனால் அதற்குள் 200, திசுவில் 400. இறங்கும் குழாய் தண்ணீரை விடும், அதுவும் 400 ஆகிறது. இப்போது மேலிருந்து புது 300 வருகிறது, இருந்த 400ஐக் கீழே தள்ளி வளைவைத் தாண்டவைக்கிறது. மறுபடி பம்ப். மறுபடி நகர்த்து. துண்டுகளை நானே நகர்த்த வேண்டும் என்றீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பம்ப்புக்கு 200 வேறுபாடுதான் முடியும், ஆனால் அந்த 200 அடுக்கடுக்காகச் சேர்ந்து ஆழத்தில் ஏறிக்கொண்டே போவதை என் விரலால் நகர்த்திப் பார்த்தேன். யூரியாவின் பங்கை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், இப்போது குழப்ப வேண்டாம் என்று தள்ளிவைத்ததும் பெரிய உதவி. வளைவை விட்டு வெளியேறும் திரவம் இரத்தத்தை விட நீர்த்தது, உப்பெல்லாம் திசுவில்தான் சேர்ந்திருக்கிறது, நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான ஏ.டி.எச். வந்து சேகரிப்புக் குழாயைத் தண்ணீருக்குத் திறந்த பிறகுதான் அந்த உப்பு பயன்படுகிறது. இதை எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை.

அறைத்தோழிக்கு ஒரு கேள்விக்காக நன்றி. ஆக்சிஜன் வளைகோடு (ஆக்சிஜன் அழுத்தத்துக்கு ஏற்ப ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் கோடு) வலப்பக்கம் நகர்வது நல்லதா கெட்டதா என்று நான் புலம்பியபோது, "யாருக்கு? நுரையீரலுக்கா, தசைக்கா?" என்று கேட்டாய். நுரையீரலில் கோடு தட்டையாக இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்தாலும் ஏற்றிக்கொள்வது அவ்வளவாகக் குறையாது. தசையில் செங்குத்தாக இருக்கிறது, அதே நகர்வில் நிறைய இறக்கிவிடும். அவ்வளவுதான், முடிந்தது.

சார், மரபியலில் நான் உங்களோடு வாதாடிய நாள் நினைவிருக்கும். ஒடுங்கு மரபில் வரும் நோய் (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய ஜீன் வந்தால்தான் வரும்), அண்ணனுக்கு இருக்கிறது, பெற்றோருக்கு இல்லை, தங்கை நலமாக இருக்கிறாள். அவள் கேரியராக, அதாவது நோயில்லாமல் மாறிய ஜீன் ஒன்றை மட்டும் சுமப்பவளாக, இருக்க வாய்ப்பு எவ்வளவு? பாதி என்றேன். பெற்றோரின் ஜீன்கள் சேரக்கூடிய நாலு கட்டத்தில் இரண்டு கட்டம் கேரியர், பாதிதானே என்று விடாமல் நின்றேன். நீங்கள் நாலு கட்டத்தையும் போட்டு, "அவள் நோயில்லாமல் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் செய்தியைக் கணக்கில் எடுத்தாயா?" என்று கேட்டு ஒரு கட்டத்தை அடித்தீர்கள். மிச்சம் மூன்று. அதில் இரண்டு. அடித்த அந்தக் கோட்டை நான் மறக்க மாட்டேன்.

அதோடு விடாமல், அந்த நோய் 2,500 பேரில் ஒருவருக்கு வருவதாக வைத்துக்கொள், உறவல்லாத ஒருவரை அவள் மணந்தால் குழந்தைக்கு என்ன வாய்ப்பு என்றீர்கள். மக்கள்தொகையில் ஜீனின் பங்கையும் நோயின் பங்கையும் இணைக்கும் ஹார்டி-வெயின்பெர்க் விதிப்படி மாறிய ஜீனின் பங்கு 50இல் 1, கேரியர்கள் ஏறத்தாழ 25 பேரில் ஒருவர். நோய் அவ்வளவு அரிது, கேரியர்கள் இவ்வளவு பேரா என்று திகைத்துப்போனேன். மூன்றில் இரண்டு, 25இல் ஒன்று, நாலில் ஒன்று மூன்றையும் பெருக்கினால் 150இல் ஒன்று. "இந்த எண்ணை ஒருநாள் ஒரு பெண்ணிடம் நீ சொல்ல வேண்டியிருக்கும், தப்பாகச் சொல்லக் கூடாது" என்றீர்கள். அதன் பிறகு மரபியலை மதிப்பெண்ணுக்காக நான் படிக்கவில்லை.

கடைசியாக, குழுவில் "எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை, நீ சொல்லிக்கொடு" என்று கேட்ட நண்பனுக்கு. 15ஆம் குரோமோசோமில் ஒரே பகுதி அறுந்துபோகிறது. அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் அறுந்தால் பிராடர்-வில்லி என்ற நோய், அம்மாவிடமிருந்து வந்ததில் அறுந்தால் ஏஞ்சல்மன் என்ற வேறொரு நோய். அழகாக ஒப்பித்தேன். நீ, "அந்த அப்பாவுக்கே அந்தக் குரோமோசோம் அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருந்தால்?" என்று கேட்டாய். என்னிடம் பதில் இல்லை. இருவரும் சாரிடம் ஓடினோம். விந்தணு உருவாகும்போது, அப்பா வழியா அம்மா வழியா என்று குரோமோசோமில் குத்தியிருக்கும் பழைய முத்திரை அழிக்கப்பட்டு, அப்பாவின் முத்திரை புதிதாகக் குத்தப்படுகிறது, அது யாரிடமிருந்து வந்தது என்பது அதன் பிறகு பொருட்டல்ல என்றார். நீ கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஓட்டையோடுதான் தேர்வறைக்குப் போயிருப்பேன்.

அக்கா, காகிதத் துண்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. புதிதாக வந்திருக்கும் இருவர் சனிக்கிழமை சிறுநீரகம் கேட்டிருக்கிறார்கள். 1200 எழுதிய துண்டு கிழிந்திருந்தது, வேறு வெட்டி வைத்துவிட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் மாணவி