விற்பதில் இல்லை லாபம்

ஆசிரியருக்கு,

வீட்டு மாடியில் உற்பத்தியாகும் உபரி சூரிய மின்சாரத்தை விற்று வருமானம் ஈட்டலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருவது பெரிய உதவிதான். ஆனால் லாபம் மின்சாரத்தை விற்பதில் இல்லை, வாங்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. வீட்டுத் தேவையை ஈடுகட்டும் ஒவ்வொரு யூனிட்டும் உயர்ந்த கட்டண அடுக்கிலிருந்து கழிகிறது. அதற்கும் மேல் மிஞ்சுவதற்குக் கிடைப்பது சொற்பமே. அந்தச் சொற்பத்தை நம்பிக் கூடுதல் சூரியப் பலகைகள் வாங்குவது கடனில்தான் முடியும்.

அதிலும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. தக்கலை அருகே என் வீட்டு மாடியில் ஏப்ரலில் கிடைத்த மின்சாரத்தில் பாதிகூட ஜூன் மழையில் கிடைக்கவில்லை. போதாக்குறைக்குப் பிற்பகலில் தென்னை நிழல் வேறு. காய்க்கிற மரத்தை வெட்ட மனம் வரவில்லை. பலகை பொருத்த வந்தவர் இந்த இரண்டையும் பற்றி வாய் திறக்கவே இல்லை. மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, அந்த வீட்டின் ஓராண்டு மின் பயன்பாடு, மழை மாத உற்பத்தி, மரநிழல் ஆகியவற்றைக் கணக்கிட்டு எழுத்து மூலம் தருவதை, பலகை பொருத்துபவர்களுக்கு அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தக்கலை